பாலூட்டும் தாய்க்கு உதவி: கதவைத் திறந்து வைப்பதா, போய்க் கதவைத் தட்டுவதா?

ஒரு பிரசவ மருத்துவமனையில், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று யாரோ நன்கொடை கொடுத்திருந்தார்கள். என்ன செய்யலாம் என்று பேச ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். இரண்டு பிள்ளை பெற்றவள் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு தகுதி கிடையாது. அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது: பாலூட்டும் அறை. சாய்வு நாற்காலி, திரைச்சீலை, சுவரில் தாயும் சேயும் படம். திறப்பு விழாவும் நன்றாகவே நடந்தது. அடுத்த முறை நான் போனபோது அந்த அறைக்குள் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அறை கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் கை தூக்கியவள்தான். எதைக் கட்டலாம் என்று பேசினோமே தவிர, தாய்மார்கள் எந்த நாளில், எந்த இடத்தில் கைவிடுகிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரு மருத்துவமனையோ, தொண்டு அமைப்போ, பெண்கள் குழுவோ இதே முடிவை எடுக்க உட்கார்ந்தால் உதவட்டும் என்று, கைக்கு எட்டும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அந்த நாள் கணக்கு. தாய்ப்பால் விஷயத்தில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வது. இது தெரியாத தாயை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் உலக அளவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 48 சதவீதம் என்றுதான் 2023இல் அந்த இரண்டு அமைப்புகளும் கணக்குக் கொடுத்தன.

இடையில் என்ன நடக்கிறது? முதல் ஓரிரு நாள் வருவது சீம்பால். சில துளிகள்தான் இருக்கும், அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும். பால் பெருகுவது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்வதும், காம்பு வெடிப்பதும், பிடிக்க முடியாமல் குழந்தை வீறிடுவதும் அப்போதுதான். குழந்தையின் எடையும் பிறந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது இயல்பு. சிக்கலில்லாத பிரசவமென்றால் தாய் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பாள். நர்ஸும் டாக்டரும் சுற்றி நின்றபோது கேட்க அவளிடம் கேள்வியே இல்லை. கேள்வி வரும்போது மணி இரவு இரண்டு, பக்கத்தில் பால் பவுடர் டப்பா. இரண்டாம் வாரத்திலிருந்து ‘பால் போதவில்லையோ’ என்ற பயம் சேர்ந்துகொள்ளும். மார்பில் வீக்கமும் காய்ச்சலும் வருவதானால் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வரும். அதையும் தாண்டியவர்களுக்கு வேலைக்குத் திரும்பும் நாள் காத்திருக்கிறது.

இந்த நாட்களை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

வார்டைத் திருத்துவது

1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிரசவ மருத்துவமனைகளுக்குப் பத்துப் படிகளை வகுத்தன. அவற்றைப் பின்பற்றும் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ‘குழந்தை நேய மருத்துவமனை’ திட்டம் 1991இல் வந்தது. 2018இல் படிகளைத் திருத்தி எழுதினார்கள். சாரம் எளிமையானது: பிறந்ததும் குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படக் கிடத்துவது, இரவும் பகலும் தாயையும் சேயையும் ஒரே அறையில் வைப்பது, மருத்துவக் காரணமில்லாமல் வேறு பால் கொடுக்காமலிருப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி. இதோடு 1981இல் உலக சுகாதார மன்றம் ஏற்ற விற்பனை நெறிமுறையும் உண்டு. பால் பவுடர் கம்பெனிகள் இலவச மாதிரிகளோடு வார்டுக்குள் வரக்கூடாது என்கிறது அது.

இதற்குப் பலன் உண்டா என்றால், பெலாரஸில் நடந்த ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 31 மருத்துவமனைகள், 17,000க்கும் மேற்பட்ட தாய்-சேய் ஜோடிகள். முடிவு 2001இல் வெளியானது. பயிற்சி பெற்ற மருத்துவமனைகளில் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 43.3 சதவீதம், மற்றவற்றில் 6.4. குழந்தைகளுக்கு வந்த வயிற்றுப்போக்கும் குறைந்தது. பிரமாதம்தான். ஆனால் அதே ஆய்வில் ஆறாம் மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும்: 7.9 சதவீதமும் 0.6 சதவீதமும். இத்தனைக்கும் அங்கே வார்டு மட்டுமல்ல, குழந்தையைத் தொடர்ந்து பார்த்த கிளினிக்குகளும் பயிற்சியில் இருந்தன. நல்ல தொடக்கம் வெகு தூரம் தள்ளிக்கொண்டு போகும், கடைசி வரை கொண்டுபோய் விடாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

செலவு? அங்கீகாரம், பயிற்சி, பதிவேடு எல்லாம் சேர்த்தால் சிறிதல்ல. பாதிப் படிகளுக்குக் காசு தேவையில்லை என்பதும் உண்மை. குழந்தையைத் தனி அறைக்குத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க எந்தச் செலவும் கிடையாது. அதற்குத் தேவை பிடிவாதமான ஒரு தலைமை நர்ஸ்.

நிபுணரை நியமிப்பது

பாலூட்டல் ஆலோசகர் என்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இவர்களுக்கான சர்வதேசத் தேர்வு 1985இல் தொடங்கியது. நாக்கின் அடியில் ஒட்டு, குறைமாதக் குழந்தை, மார்பு அறுவை நடந்த தாய், இரட்டைக் குழந்தைகள், எவ்வளவு முயன்றும் எடை ஏறாத குழந்தை என்று வரும்போது இவர்களுக்கு மாற்று இல்லை. சமாதானப் பேச்சால் தீராத சிக்கல்கள் இவை. பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துறையில் அறிவுரைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மார்பு கட்டி வீங்கினால் அழுத்தித் தேய், பம்பு போட்டு முழுக்கக் காலி செய் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எனக்கும் சொன்னார்கள், செய்தேன், கண்ணீர் வந்தது. 2022இல் பாலூட்டல் மருத்துவ அகாதமி வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் திருப்பிப் போட்டுவிட்டது. ஆழமாக அழுத்தினால் திசு மேலும் வீங்கும், காலி செய்யச் செய்ய உடல் இன்னும் அதிகமாகச் சுரக்கும். குழந்தைக்கு வழக்கம்போலக் கொடுத்துக்கொண்டு குளிர் ஒத்தடம் வையுங்கள் என்கிறது. மாத்திரை விஷயமும் இப்படித்தான். ‘இந்த மருந்து சாப்பிடும்வரை பாலை நிறுத்திவிடு’ என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் லாக்ட்மெட் என்ற இலவசத் தரவுத்தளத்தில் தேடினால், பல மருந்துகளுக்கு நிறுத்தத் தேவையே இல்லை என்று தெரியும். தேடிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

குறை என்ன? ஒரு நிபுணர் ஒரு நாளில் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்? அவர் வார்டில் பகலில் இருப்பார், தாயின் சிக்கல் வீட்டில் இரவில் இருக்கும். சிசேரியன் தையலோடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஐந்தாம் நாள் மறுபடி மருத்துவமனைக்குப் போய் டோக்கன் வாங்கி உட்காருவது லேசான காரியமா? வசதியும் துணையும் இருக்கிற தாய் போவாள். மிகவும் தேவைப்படுகிறவள் போக மாட்டாள்.

பாலூட்டிய தாய் இன்னொரு தாயின் வீட்டுக்குப் போவது

என் கண்ணில் இந்த விஷயத்தின் நடுப்புள்ளி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

தாய்க்குத் தாய் துணை என்பது புதிய யோசனை இல்லை. 1956இல் அமெரிக்காவில் ஏழு தாய்மார்கள் சேர்ந்து தொடங்கிய லா லெச்சே லீக் இதே எண்ணத்தில்தான் பிறந்தது. ஆனால் அதை ஒரு திட்டமாக, வீடு தேடிப்போகும் வேலையாகச் செய்து அளந்து பார்த்தவர்களின் கணக்கு அசர வைக்கிறது. டாக்காவில் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. அக்கம்பக்கத்துத் தாய்மார்களையே தேர்ந்தெடுத்துப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் மொத்தம் 15 முறை போனார்கள்: கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே இரண்டு முறை, பிறந்ததும் அடுத்தடுத்து, பிறகு ஐந்து மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 70 சதவீதம். யாரும் போகாத பகுதிகளில் 6.

அத்தனை முறை போக ஆளில்லை என்பார்கள். மெக்சிகோ சிட்டியின் ஓரத்தில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு அந்தக் கேள்வியைத்தான் சோதித்தது. ஆறு முறை வீடு தேடிப்போய்ப் பார்க்கப்பட்ட தாய்மார்களில் மூன்றாம் மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் 67 சதவீதம், மூன்று முறை பார்க்கப்பட்டவர்களில் 50, யாரும் போய்ப் பார்க்காதவர்களில் 12. மூன்று சந்திப்புக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால், சரியான நாளில் போவதுதான் பெரிய விஷயம் என்று தோன்றுகிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு, அதை மறைத்தால் ஒப்பீடு நியாயமாகாது. சகத் தாய்மார்களின் துணையை வைத்துப் பல நாடுகளில் நடத்திய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2012இல் வந்தது. பிரிட்டனில் நடந்தவற்றில் பெரிய பலனொன்றும் தெரியவில்லை. ஆனால் அதே மதிப்பாய்வு, சந்திப்புகள் ஐந்துக்கும் குறைவாக இருந்த திட்டங்கள்தான் சோபிக்கவில்லை என்றும் சொன்னது. வழக்கமான மருத்துவக் கவனிப்பு ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தில் கூடுதலாக ஒருவர் எட்டிப் பார்ப்பதால் மாற்றம் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே ‘சகத் தாய்’ என்ற பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து இரண்டு தடவை போய்விட்டு நிறுத்தினால் ஏமாற்றம்தான்.

அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது எண்ணிக்கையில் தெரியாது. குழந்தையின் வாயில் காம்பு மட்டும் இருக்கிறதா, கருவட்டமும் சேர்ந்து போயிருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது மூத்திரம் போகிறதா என்று கேட்கலாம். போகிறதென்றால் பால் போதுமா என்ற பயத்தைப் பெரும்பாலும் அங்கேயே தீர்த்துவிடலாம். போகவில்லை, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறது, மஞ்சள் கூடுகிறது என்றால் அன்றே டாக்டரிடம் அனுப்பலாம். எல்லாவற்றையும்விட, மாமியாரும் கணவனும் அம்மாவும் கூடவே உட்கார்ந்து கேட்பார்கள். புட்டியை எடுப்பது பல வீடுகளில் தாயின் முடிவு இல்லை, சுற்றியிருப்பவர்களின் பதற்றம்.

ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘நான் கொடுக்கவில்லையா, உன்னால் ஏன் முடியாது’ என்று கேட்கிற சகத் தாய் ஒருத்தி வந்துவிட்டால் உதவி தண்டனையாகிவிடும். கொடுக்க முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள், வேண்டாமென்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் போய் உட்கார்ந்து, பால் பவுடரைச் சுத்தமாகக் கரைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரைத்தான் அனுப்ப வேண்டும். பத்து நாள் பயிற்சியில் இரண்டு நாளை வாயை மூடிக்கொண்டு கேட்பதற்குப் பழக்குவதற்காகவே ஒதுக்கலாம்.

தொலைபேசி

வீட்டுக்குப் போக முடியாத இடத்தில் போன் செய்யலாம். இதில் மலையளவு வித்தியாசம் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது: யார் யாரை அழைக்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் 69 தாய்மார்களை வைத்து ஒரு சிறிய சோதனை நடந்தது, 2012இல் வெளியானது. எல்லோருக்கும் எண் கொடுத்து, வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒரு வாரம் தினமும் உதவிக் குழுவினரே அழைத்தார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அழைக்கப்பட்டவர்களில் 69 சதவீதம், எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களில் 46. சிறிய சோதனைதான், இதை மட்டும் நம்பித் திட்டம் போட மாட்டேன். ஆனால் கனடாவில் 256 முதல் பிரசவத் தாய்மார்களுக்குச் சகத் தாய்மார்கள் போன் செய்த ஆய்விலும் (2002) மூன்றாம் மாதத்தில் 81 சதவீதமும் 67 சதவீதமுமாக வித்தியாசம் தெரிந்தது. மெல்போர்னில் 1,152 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் ஆறாம் மாதத்தில் அழைக்கப்பட்டவர்களில் 75 சதவீதம், மற்றவர்களில் 69. பெரிய பாய்ச்சல் இல்லை, ஆனாலும் ஆகும் செலவுக்கு இது மோசமில்லை.

ஹெல்ப்லைன் எண் அச்சடித்த அட்டையைக் கையில் திணித்துவிட்டு ‘சேவை தொடங்கிவிட்டோம்’ என்பதை ஏன் நான் நம்புவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். எனக்கும் அப்படி ஓர் அட்டை கிடைத்தது. கூப்பிடவில்லை. இந்த அற்ப விஷயத்துக்கு யாரைத் தொந்தரவு செய்வது என்று இருந்துவிட்டேன். காம்பு வெடித்து ரத்தம் வருவதை அற்ப விஷயம் என்று நினைக்க வைக்கிற நாட்கள் அவை.

போனால் செய்ய முடியாதது, பார்ப்பது. வீடியோ அழைப்பு பாதி தூரம் உதவும். இருட்டறையில் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக முதல் முறை முயன்று பார்த்தவர்களுக்கு மீதிப் பாதி தெரியும்.

வாராந்தரக் கூட்டம், அறை, விடுப்பு

தாய்மார்கள் கூடிப் பேசும் குழுக்கள் கேட்க நன்றாக இருக்கும். ஸ்காட்லாந்தில் ஊர் ஊராக இத்தகைய குழுக்களை அதிகரிக்கும் கொள்கையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2009இல் வந்த முடிவுப்படி தாய்ப்பால் விகிதம் உயரவில்லை. வருகிறவர்களுக்குத் தெம்பு கிடைக்கும், தனிமை தீரும், அதற்காக நடத்துங்கள். விகிதம் உயரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அறை, சரி, எங்கள் அறைக்கே வருகிறேன். பேருந்து நிலையத்திலும் அலுவலகத்திலும் அது கட்டாயம் வேண்டும். பிரசவ மருத்துவமனையில், தாயின் கட்டிலே பாலூட்டும் இடமாக இருக்கும்போது, அது யாருக்காக?

விடுப்பு வேறு தளத்து விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் மகப்பேறு விடுப்பும், வேலை நேரமாகவே கணக்கிடப்படும் பாலூட்டும் இடைவேளையும் கேட்கிறது. 14 வாரம் ஆறு மாதத்தில் பாதிதான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தாய்மார்களில் பெரும்பாலோர் இரண்டாம் மாதமே வேலைக்குப் போகிறவர்கள் என்றால், மேலே சொன்ன எதுவும் அந்த நாளைத் தாண்டாது. ஆனால் ஒரு மருத்துவமனையின் நன்கொடைப் பணத்தால் விடுப்பை வாங்க முடியாது. எடுத்து வைத்த பால் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டாத அறைச் சூட்டில் நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும் என்று சொல்லிக்கொடுப்பதும், முதலாளியிடம் காட்ட ஒரு கடிதம் தருவதும்தான் கையில் இருப்பவை.

எதை எடுப்பேன்?

அந்தக் கூட்டம் மறுபடி நடந்தால் நான் சொல்லப்போவது இது. பெரும்பங்குப் பணம் வீடு தேடிப்போகும் சகத் தாய்மார்களுக்கு. சம்பளமோ படியோ கொடுத்து. சும்மா சேவை செய் என்றால் மூன்றாம் மாதம் ஆளிருக்காது. பிரசவத்துக்கு முன்பே ஒரு சந்திப்பு, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நேரில், இடைப்பட்ட நாட்களில் நாமே போன், இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் மறுபடி நேரில். தொகுப்பு ஆய்வுகளில் நாலிலிருந்து எட்டுச் சந்திப்புகள் என்பதுதான் பலன் தரும் அளவாகத் தெரிகிறது. மிச்சப் பணத்தில் வாரத்தில் சில நாளாவது ஒரு பாலூட்டல் ஆலோசகர்: சகத் தாய்மார்களைப் பயிற்றுவிக்க, அவர்கள் அனுப்பும் கடினமானவற்றைப் பார்க்க, பழைய அறிவுரை புழக்கத்தில் இருந்தால் பிடுங்கிப் போட. இவர் இல்லாமல் அவர்கள் மட்டும் என்றால், எனக்கு மார்பைத் தேய்க்கச் சொன்ன மாதிரிதான் ஆகும்.

வார்டில் இன்னும் கேட்காமலே புட்டி கொடுக்கிறார்கள், குழந்தையைத் தனியே வைக்கிறார்கள் என்றால் மட்டும் வரிசை மாறும். அதைச் சரிசெய்யாமல் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய் உட்காருவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் பெரிய பிரிவு இருக்கும் மருத்துவமனையிலும் என் வரிசை செல்லாது. அங்கே நிபுணரும் நல்ல பம்புகளும் தாய்ப்பால் வங்கியும்தான் முதலில்.

பணமே வரவில்லை என்றாலும் ஒன்று செய்யலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் தாயின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் அவளை அழைக்கப்போவது எந்த நர்ஸ் என்று பெயரை எழுதிவிடலாம். நாற்காலிகளை எடுத்துவிட்டால் அந்த அழைப்புகளைச் செய்ய எங்கள் அறையே போதும், கதவும் திரைச்சீலையும் அப்படியே இருக்கின்றன.